மூன்றடி

எஸ்டிமேட்டைச் சாப்பாட்டு மேசையில் விரித்து
நான்கு மூலைக்கும் நான்கு கிளாஸ் வைத்தேன்,
யன்னல் காற்றில் பறந்துவிடாமல்.
இருபத்து மூன்று இலட்சத்து நாற்பதாயிரம்.
யாரோ தேத்தண்ணிக் கோப்பையை வைத்து
கடைசியில் இன்னொரு பூச்சியமும் போட்டிருந்தார்கள்.

சங்கத்தில் பதினெட்டு வருடம் கணக்கெழுதுகிறேன்.
ஐந்து ரூபாய் உதைத்தாலும் வீட்டுக்குப் போகாத ஆள்.
கையில் சீட்டுக் காசு நான்கு, லோன் எட்டு,
காப்பை ஈடு வைத்தால் மூன்று.
பதினைந்து.
மிச்சத்தை எந்தப் பக்கத்தில் எழுதுவது?

அறை கம்பஸ் பிள்ளைகளுக்கு.
இரண்டு பேர், தனி வாசல், தனி பாத்றூம்.
ஆறு வருட வாடகையில்
அறை தன்னைத் தானே கட்டி முடித்துவிடும் என்பது
இவருடைய கணக்கு. அதில்
எந்தப் பிள்ளையும் பான் போடுவதில்லை,
உடுப்பு அயன் பண்ணுவதில்லை.

வெட்டத் தொடங்கினேன்.
ஏசி போனது. இவர் முகமும் கொஞ்சம் போனது.
மாபிள் போய்ச் சிவப்புச் சீமெந்து நிலம் வந்தது.
ஓட்டுக்குக் கீழே விரிக்கிற வெள்ளித்தாளுக்கு
இவ்வளவோ என்று கடையில் இரண்டு தரம் கேட்டேன்.
அதை வெட்டவில்லை.
சோலரை அடுத்த வருடத்துக்குத் தள்ளினேன்,
வயர் போக ஒரு பைப் மட்டும் இப்போதே.
வெயில் எங்கே போகப் போகிறது?
கோண்டாவிலில் அது வட்டி கேட்காமல் காத்திருக்கும்.

மேற்குச் சுவர் இரட்டைக் கல், நடுவில்
இரண்டங்குலம் வெறுமை.
"ஒண்டுமில்லாததுக்கும் காசோ?"
"ஒண்டுமில்லாததுதான் வெக்கையை மறிக்கும்."

திங்கட்கிழமை மேசன் யோனாஸ் கயிறு பிடிக்க வந்தார்.
நாவாந்துறை ஆள். என்னைவிட இளையவர்.
நான்கு கட்டை அடித்து, நடுவில் நின்று
ஒரு பீடியைப் பற்றவைத்தார்.
குடிக்கவில்லை. சும்மா பிடித்துக்கொண்டு நின்றார்.
ஆனி மாதச் சோளகம் புகையைத் தூக்கி
நேரே எங்கள் ஹோல் யன்னலுக்குள் கொண்டுபோனது.
"அக்கா, இந்த அறை எழும்பினா
வீட்டின்ர வாயைப் பொத்தின மாதிரி."

ஏழு பக்க எஸ்டிமேட்டில் இது எங்கும் இல்லை.
சபை சீல் குத்திய பிளானிலும் இல்லை.
பழைய கறண்ட் பில்களை அலுமாரியால் எடுத்து
ஆனி, ஆடி, ஆவணி என்று அடுக்கிப் பார்த்தேன்.
தொண்ணூறு யூனிற் தாண்டிய மாதம் ஒன்றுகூட இல்லை.
இத்தனை வருடமும் சோளகம் எங்களுக்கு உழைத்திருக்கிறது.
பில் அனுப்பாததால்
என் கணக்கில் வரவேயில்லை.

அழிறப்பர் எடுத்தேன்.
வீட்டுக்கும் அறைக்கும் நடுவில் மூன்றடி,
மேலே வானம்.
பன்னிரண்டுக்குப் பதினாலு, பதினொன்றுக்குப் பன்னிரண்டானது.
ஒட்டாமல் கட்டுவதால் இன்னொரு சுவர்,
அதற்கு நூற்று நாற்பது கல், எட்டுப் பை சீமெந்து,
சபைக்குத் திரும்பவும் ஒரு கட்டணம்.
"முழுக்க வராதக்கா, பாதியாவது வரும்" என்றார் யோனாஸ்.

"மூண்டடியைச் சும்மா விடுறதோ?
பரப்பு என்ன விலை போகுது எண்டு தெரியுமோ?"
தெரியும்.
தொண்ணூறுக்கு மேல் யூனிற் என்ன விலை என்பதும் தெரியும்.
இரண்டு நாள் இவர் பேசவில்லை.
நானும் சோற்றைப் போட்டு மூடிவிட்டுப் போனேன்.

மூன்றாம் நாள் பின்னேரம்
கயிறுகளுக்கு நடுவில் இவர் நிற்கக் கண்டேன்.
ஒரு கை வீட்டுச் சுவரில்,
மற்றக் கை இல்லாத சுவரில்.
சேட்டு முதுகுப் பக்கம் உப்பி நின்றது.
"கொடி கட்டலாம்" என்றார், என்னைப் பார்க்காமல்.
"மழையில்லாட்டி ஒரு மணித்தியாலத்தில உடுப்புக் காயும்."

இரவு புதிதாகக் கூட்டினேன்.
பதினேழு இலட்சத்துப் பத்தாயிரம்.
செலவுப் பக்கத்தில் ஒரு வரி:
காற்று, மூன்றடி.
தொகைக்கு நேரே ஒன்றும் எழுதவில்லை.

இரண்டு இலட்சத்துப் பத்தாயிரம் இன்னும் உதைக்கிறது.
கொப்பியை மூடி
லைற்றை நிற்பாட்டிவிட்டுப் படுக்கப் போனேன்.