பத்தொன்பது புள்ளி நாலு

டெல்லிக் குழு நாளைக் காலை வருகிறது.
படிவம் ஆங்கிலத்தில் வேண்டுமாம்.
ஏழாவது கட்டத்தில் நெல்லின் நிலை:
டேம்ப், அல்லது மாய்ஸ்ட்.
பொருந்தாததை அடித்துவிடவும்.

நான் பட்டியல் எழுத்தர், பருவத்துக்கு மட்டும்.
பி.எஸ்சி. தாவரவியல், மன்னார்குடி.
கைபேசி அகராதியில் முதல் சொல்லைத் தட்டினேன்:
ஈரமான.
இரண்டாவதைத் தட்டினேன்:
ஈரமான.
தலைக்கு மேலே தார்ப்பாயில் மழையும்
அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தது.

"ரெண்டும் ஒண்ணுதாம்மா, எதையாவது அடிச்சு விடு"
என்றார் மூட்டை தூக்கும் மரியசெல்வம்,
டீயோடு வாங்கிவந்த கேக்கைப் பிரித்தபடி.
அந்த உறையில் இருந்தது ஒரு சொல்.
மாய்ஸ்ட்.
பொன்னெழுத்தில், செர்ரிப் பழத்துக்குப் பக்கத்தில்.
எதிரே கொரடாச்சேரி சாலையில்
ஹார்டுவேர் கடைச் சுவர் முழுக்க மற்றது:
டேம்ப் புரூஃப், பத்து வருட உத்தரவாதம்.
அந்த எழுத்துக்கு அடியிலேயே
சுண்ணாம்பு பொரிந்து பச்சை ஏறியிருந்தது.

அப்படியானால்
ஒன்று, காசு கொடுத்து வாங்குகிற ஈரம்.
மற்றது, காசு கொடுத்து விரட்டுகிற ஈரம்.

நம்மிடமும் இருக்கிறதே.
அகராதி எழுதியவர் கேட்டிருக்கலாம்.
புட்டுக்குப் பிசறிய மாவில் இருப்பது பதம்.
மார்கழித் தரையிலிருந்து பாய்க்கு ஏறுவது ஓதம்.
அப்பளத்துக்கென்றே
நமுத்தல் என்று தனியாக ஒன்றை
எடுத்து வைத்திருக்கிறோம்.

சரி, நெல் எது?
கேக்கா, சுவரா?

உத்திராபதியின் அம்பாரம் நூற்றுப்பத்து மூட்டை தேறும்.
பன்னிரண்டு நாளாக வரிசையில் கிடக்கிறது.
மீட்டர் பத்தொன்பது புள்ளி நாலு காட்டியது.
பதினேழைத் தாண்டினால் எடுக்கக்கூடாது.
தளர்த்துவார்களா என்பதுதான் நாளைய பேச்சு.

முழங்கை வரை கையை விட்டேன்.
மேல்நெல் குளிர்ந்தது,
விரலில் ஒட்டி உதிர்ந்தது.
வயல் வாசம் இன்னும் போகவில்லை.
இன்னும் உள்ளே, சூடு.
காய்ச்சல்காரனின் அக்குள் மாதிரி.
அடியிலிருந்து ஒரு மணியை எடுத்துப் பார்த்தேன்:
வெள்ளையாய் ஒரு முளை,
குண்டூசித் தலை அளவு.

ஒரே அம்பாரம்.
எந்த ஆழத்தில் சொல் மாறுகிறது என்று எழுத
படிவத்தில் கட்டம் இல்லை.

"எதை எழுதுனா எடுப்பாங்க?"
உத்திராபதிக்கு அர்த்தம் தேவைப்படவில்லை.
என்னைவிட அவர் சரியாகத்தான் படித்திருந்தார் அந்தப் படிவத்தை.

நான் டேம்ப்பை அடித்தேன்.
பாதி பொய்.
தாளும் நமுத்திருந்ததால் மை ஊறி,
அடித்த கோடு பரவி,
பக்கத்துச் சொல்லின் முதல் இரண்டு எழுத்தையும் தின்றது.

காலையில் வந்தவர்
ஒரு பிடி நெல்லை அள்ளினார், உதறினார்,
கைக்குட்டையில் விரல் துடைத்தார்.
எண்ணைப் படித்தார், உரக்க, இரண்டு முறை.
ஏழாவது கட்டத்தின் மேல்
அவருடைய கட்டைவிரல் இருந்தது.

பதில் பத்து நாளில் வருமாம்.
முளைக்கு அவ்வளவு நாள் வேண்டாம்.

மறுநாள், கொடியில் மூன்று நாள் கிடந்த புடவையை
வேறு வழியில்லாமல் கட்டிக்கொண்டு கிளம்பினேன்.
முந்தானை மூக்கருகே வந்ததும்
வாய் தானாக ஒரு சொல்லைச் சொன்னது,
சரியான சொல்லை.
எந்த மொழியில் சொன்னேன் என்று
பஸ் ஏறிய பிறகு யோசித்தேன்,
நினைவில்லை.