நெடி

எர்ணாவூர் ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம்
ஜெராக்ஸ், டிடிபி, ரீசார்ஜ், பான் கார்டு.
நாலடிக்கு ஆறடி.
மூன்று வருஷமாக இங்கே உட்கார்ந்து
அடுத்தவர் இங்கிலீஷை அடித்துக் கொடுக்கிறேன்.

சகாயராணி நாலாய் மடித்த தாளைப் பிரித்தாள்.
போன மனுவுக்கு வந்த பதில்.
ஆய்வு செய்யப்பட்டது, பகல் பதினொன்றரை மணி.
பேட் ஸ்மெல் எதுவும் உணரப்படவில்லை.
அடியில் ஒரு கையெழுத்து, முறுக்கிய மீசை மாதிரி.

"ஸ்மெல்லுன்னு போட்டா சென்ட்டுன்னு நெனச்சிக்கினானா?
வேற வார்த்த போடு.
படிக்கறப்பவே அவன் மூக்குல ஏறணும்."

சொல்லின்மேல் வலது பக்கம் தட்டினேன்.
கொட்டியது கம்ப்யூட்டர்:
ஓடர், அரோமா, ஸ்டென்ச், ஸ்டிங்க், ரீக்.
ஓடர் கைக்குட்டை வைத்திருக்கிற சொல்,
ஏசி அறையை விட்டு இறங்கி வராது.
அரோமா காப்பித்தூள் பாக்கெட்டோடு சரி.
ஸ்டென்ச் பரவாயில்லை,
மழைக்கு மறுநாள் கொடுங்கையூர் மேடு மாதிரி
கனமாக இருந்தது. அடித்தேன்.

"இன்னா அர்த்தம் அதுக்கு?"
"நாத்தம். தாங்க முடியாத நாத்தம்."

ரீசார்ஜுக்கு நின்றிருந்த தேசிங்கு எட்டிப் பார்த்தான்.
"நாத்தம்னா கருவாட்டத்தான் கை காட்டுவான்.
நீங்கதான காய வெக்கிறீங்கன்னு
அன்னிக்கே கேட்டுட்டுப் போனான்."

விருட்டென்று திரும்பினாள்.
"கருவாடு நாத்தமாடா? கவிச்சிடா அது.
எம்புள்ள இஸ்கூல் ஃபீஸுடா."

ஸ்டென்ச்சுக்கு ஆறு எழுத்து.
ஆறு தடவை பின்னால் தட்டி அழித்தேன்.

காலி இடத்தில் கர்சர் துடித்தது.
தமிழில் கேட்டால் யோசிக்காமல் தருவேன்:
குழந்தை கழுத்தில் பால் மொச்சை,
அடிப்பிடித்த உலையில் காந்தல்,
பூட்டிக் கிடந்த வீட்டில் முக்கல்.
நாற்றம்கூட ஒரு காலத்தில் நறுமணம்தானாம்,
பத்தாவதில் படித்தது.
வடக்கே குடிவந்த பிறகு கெட்டிருக்கும்.

"ராத்திரி வருதே, அத அப்படியே சொல்லுக்கா" என்றேன்.

"ரெண்டு மணி இருக்கும்.
கடல் காத்து நின்னு மணலி பக்கத்துக் காத்து கெளம்பும்.
ஜன்னல சாத்துனாலும் வரும்.
மொளகா வறுத்தாப்ல, ஆனா மொளகா இல்ல.
தீக்குச்சி கீது, அழுவுன முட்ட கீது உள்ள.
மூக்குல நிக்காது, தொண்டைல வந்து குந்திக்கும்.
பெரியவன் இருமுவான்.
சின்னவன் இருமக்கூட மாட்டான்,
எழுந்து உக்காந்து என்னியே பாத்துகினு இருப்பான்."

கடையில் யாரும் பேசவில்லை.
"நெடி" என்றான் தேசிங்கு, ரீசார்ஜை மறந்து.
"ஆங், நெடி" என்றாள்.

திரையில் அது இல்லை.
பஞ்ஜென்ட் என்றால் ஊறுகாய் விளம்பரம்.
ஃப்யூம்ஸ் என்றால் புகையைக் காட்டு என்பான்,
இருட்டில் எதைக் காட்ட?
இங்கிலீஷ் எழுத்தில் அதையே அடித்தேன்,
என், ஈ, டி, ஐ.
அடியில் சிவப்புக் கோடு
கம்பளிப்பூச்சியாக நெளிந்தது.

"தப்பா?"
"தப்பில்லக்கா. அதுக்குத் தெரியல."

"ராத்திரி ரெண்டு மணிக்கு வரச் சொல்லு.
பாய் போட்டுத் தர்றோம், வந்து படுக்கட்டும்."
ஆய்வாளருக்குத் தங்கும் வசதி செய்து தரப்படும் என்று
நல்ல இங்கிலீஷில் போட்டேன்.

மூன்று காப்பி. அச்சில் சிவப்புக் கோடு வராது.
எந்த வரி என்று கேட்டு
அந்த நாலு எழுத்தின்மேல் விரல் வைத்துப் பார்த்தாள்.
பிறகு சூடு ஆறாத தாளை
மூக்கருகே கொண்டுபோனாள்.
"இதுக்கு இன்னா பேரு?"

யோசித்தேன்.
அதற்குள் கேட் மணி அடித்துவிட்டது,
தாளைச் சுருட்டிக்கொண்டு
தண்டவாளத்தைப் பார்த்து ஓடினாள்.