ஏழாம் லைன்

ஆளுக்கு ஆயிரத்து எண்ணூறு ரூபாய்,
இந்தத் தீவின் ரூபாய்.
ஊர்க் காசுக்கு மாற்றிப் பார்க்காதே என்றாள் எஸ்தர்.
மாற்றிப் பார்த்தேன்.
இரண்டு மாத வட்டி.

கிராண்ட் பே துறையில் காலை ஒன்பதுக்கு
பதினொரு பேரும் செருப்பைக் கழற்றினோம்.
கும்பிடப் போகும் பழக்கம் என்று நினைத்தோம்.
கழற்றத்தான் வேண்டுமாம்,
தளத்தில் கீறல் விழுமாம்.

முழுப் படகும் உங்களுக்கே,
வேறு ஆள் கிடையாது என்றான் சூபராயென், கிரியோலில்.
நாலு வருஷத்தில் அந்த மொழியில் எங்களுக்கு வந்தது
சூப்பர்வைசரின் வசவும் சந்தை விலையும்தான்.
இது புரிந்தது.
கூட்லேண்ட்ஸ் விடுதியில்
ஒரு கட்டில்கூட முழுதாக எங்களுடையது இல்லை.
ஷிஃப்ட் மாறினால் படுக்கைச் சூடும் கைமாறும்.

பாய் ஏறியது.
நாங்கள் பார்த்தது காற்றை அல்ல,
மூட்டுத் தையலை.
ஜிக்ஜாக், மூன்று வரிசை, கெட்டி நூல்.
ரெஜினா விரலால் நீவிப் பார்த்து
ஓக்கே என்றாள்,
ஸ்டிக்கர் ஒட்டாததுதான் குறை.

எங்கப்பன் வள்ளத்தில் என்னை ஏற்றியதில்லை.
பொம்பளை கால் பட்டால் மீன் படாதாம்.
தூத்துக்குடியில் பிறந்து
முப்பத்தொரு வயதில்
முதல் படகு.

இஸ்திரிப் பெட்டியைச் சாய்த்து வைத்ததுபோல்
கடலுக்குள் ஒரு பாறை.
அதன் மேல் நீண்ட வாலோடு வெள்ளைப் பறவைகள்.
சூபராயென் எஞ்சினை நிறுத்தினான்.
நாலு வருஷமாகக் காதுக்குள் ஓடிக்கொண்டிருந்த
நூற்றிருபது மெஷினும்
அப்போதுதான் நின்றன.
யாரும் பேசவில்லை.
செல்வமேரி மட்டும் வாந்தி எடுத்தாள்.

அவன் மணிக்கட்டில் மஞ்சள் கயிறு.
காவடிக்கு இன்னும் ஆறு நாள்.
கவிச்சி தொடாத வாயோடு
எங்களுக்காக மீன் சுட்டான்.
காப்பிதேன் என்றான். எங்கள் ஊரில் அது விளமீன்.
ஒரு துண்டைக் கிள்ளி நீட்டி
உப்புப் பாருங்கள் என்று ஜாடை காட்டினான்.
உப்பளத்துக்காரிகளிடம்!
போதாது என்றோம், பதினொரு பேரும் ஒரே குரலில்.

தமிழ் தெரியுமா என்று கேட்டதற்கு
வெற்றிவேல் என்றான்,
பிறகு எங்களை விரல் நீட்டி எண்ணினான்,
ஒன்று, இரண்டு, மூன்று...
பத்தில் நின்றுவிட்டான்.
ஒரு தலை மிச்சம்.
பதினொன்று என்று எஸ்தர் சொல்லிக்கொடுத்தாள்.
பதினொன்னு, பதினொன்னு,
மந்திரம்போல் முணுமுணுத்தபடி மீனைப் புரட்டினான்.

கேப்ரியல் தீவில் இறங்கினோம்.
இடுப்பளவுத் தண்ணீர், அடியில் கால்நகம் தெரிகிறது.
சுடிதார் ஊதிக்கொண்டு மிதந்தது,
அமுக்க அமுக்க எழும்பியது.
பக்கத்தில் இன்னொரு படகு,
வெயிலில் சிவந்த வெள்ளைக்காரக் குடும்பம்.
அதில் ஒருவன் எங்களைப் பார்த்துச் சிரித்து
கையை உயர்த்தி ஆட்டினான்.

உயர்த்தியதால்தான் தெரிந்தது.
வான்நீலக் காலர் பனியன்.
இடது அக்குளுக்குக் கீழே
மூன்று தையல் விட்டுப்போயிருந்தது.

எங்கள் ஆர்டர்தான்.
பட்டன் பட்டையைப் பார்த்ததுமே எல்லாருக்கும் தெரிந்தது.
பாஸ் பண்ணிய கை என்னுடையது என்று
அடித்துச் சொல்ல முடியாது.
ஆனால் அந்த டிசம்பரில்
ஏழாம் லைனின் ராத்திரி செக்கிங் நான் ஒருத்திதான்.
அம்மாவை ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோனார்கள் என்று
தம்பி போன் பண்ணிய ராத்திரியும் அதற்குள் ஒன்று.
எத்தனை பனியன்
என் கண் முன்னால் போயிருக்கும், தெரியாது.

சொல்லிவிடலாமா என்றாள் ரெஜினா.
என்ன சொல்ல?
அந்த ஓட்டை வழியாகத்தான்
அவனுக்குக் கொஞ்சம் காற்று போகிறது.
நானும் கையை உயர்த்தி ஆட்டினேன்,
கொஞ்சம் அதிகமாகவே.

திரும்புகையில் எதிர்க்காற்று.
முகமெல்லாம் எரிந்தது.
செல்வமேரி வாயைத் திறந்து தூங்கினாள்.
வியாழக்கிழமை விமானம் என்று
யாரும் பேச்சை எடுக்கவில்லை.

துறையில் சூபராயென்
ஒவ்வொருத்தியாகக் கைகொடுத்து இறக்கினான்,
சத்தமாக எண்ணிக்கொண்டே.
எட்டு, எஸ்தர். ஒன்பது, செல்வமேரி.
பத்து, ரெஜினா.
என் முறை வந்தபோது
சொல் மறந்துவிட்டது.
உதட்டை அசைத்துப் பார்த்தான்.
பிறகு
கையை மட்டும் நீட்டினான்.