சுமைகூலி

ரேடியோ ஆயிரத்து நானூறுக்கு விலைபோனது.
மரச்சட்டம், தெர்மாகோல், இரட்டை அட்டைப்பெட்டி,
‘மேலே மட்டும் வைக்கவும்’ என்பதற்குத் தனிக் கட்டணம்:
ஆயிரத்து நூற்றுப் பத்து.

வண்ணார்பேட்டை பார்சல் ஆபீஸில்
மைதீன் பிச்சை ரசீதைக் கிழிக்காமல் பார்க்கிறார்.
“சுண்டைக்கா கால் பணம்னா, வே…?”
மீதியை நான் சொல்ல வேண்டுமாம்.

சொல்லவில்லை.
ஆறு வால்வையும் கழற்றி
ஆளுக்கொரு காலுறைக்குள் இட்டுக் கட்டியதையும் சொல்லவில்லை.
மகன் இன்று வெறுங்காலில் ஷூ மாட்டிக்கொண்டு போனான்.

போன ஆடியில் திருச்சிக்குப் போனது
சாக்கில் சுற்றித்தான் போயிற்று.
வாங்கியவர் பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை.
ஒரு போட்டோ மட்டும் வந்தது:
வேட்டி விரித்து, அதன்மேல்
டயல் கண்ணாடி.
கொழும்பு ஒரு சில்லில் முழுசாக.
மெட்ராஸில் முதல் எழுத்து மட்டும்.
திட்டியிருக்கலாம் மனுசன்.

ஏற்றுகிற பையன் சிவப்பு எழுத்தை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு
பெட்டியைத் தூக்கி, இறக்கி, மறுபடி தூக்கி
பீடி மூட்டைகளுக்கு மேலே வைக்கிறான்.
“கயத்தாறு தாண்டி ரோட்டைக் கொத்திப் போட்டிருக்கான், அண்ணாச்சி.”

அதற்கு எவ்வளவு கட்டலாம் என்று
மைதீன் பிச்சையைப் பார்க்கிறேன்.
அவர் ரசீதைக் கிழிக்கிறார்.