பனிக்கட்டி நீங்கலாக

கிளாக்ஸ்விக் துறைமுகம். இரவு இரண்டு மணி.
பதினான்கு டன் சால்மன் லாரியில் நிற்கிறது.
என் திரையில் ஒரே ஒரு சிவப்பு வரி:
இந்தக் குறிச்சொல் எனக்குத் தெரியாது.

தெரியாதா?
ஸ்கீமாவில் பேர்சொல்லி எழுதியிருக்கிறதே.
கால்நடை மருத்துவத் துறைக்கு ஒரு ஸ்கீமா,
சுங்கத்துக்கு ஒன்று.
இரண்டுக்கும் பெயர்வெளி மட்டும் ஒன்றே,
எழுத்துக்கு எழுத்து, கடைசிச் சாய்கோடு வரை.
யாரோ என்றோ கோப்பை நகலெடுத்து
மேல்வரியை மாற்ற மறந்திருக்கிறார்கள்.
பார்வைக்கு அது இணைய முகவரி.
ஒருமுறை போய்த் தட்டிப் பார்த்தேன்,
அங்கே யாரும் குடியில்லை.

எங்கள் தெருவில் இரண்டு யாக்குப் யோன்சன்.
உறவில்லை. ஒருவர் வலை பின்னுபவர், மற்றவர் பல் பிடுங்குபவர்.
தபால்காரி ரன்வா
உறையைக் கையில் எடைபோட்டே பிரித்துவிடுவாள்.
சரிபார்ப்பிக்கு அந்தக் கை இல்லை.
பெயர்வெளியைக் கேட்கிறது,
முதலில் வந்த ஸ்கீமாவை உள்ளே விடுகிறது,
கதவைச் சாத்திக்கொள்கிறது.
அடுத்தது மழையில் நின்று தட்டினால்
அவர்தான் வந்துவிட்டாரே என்கிறது.

வரிசையை மாற்றினேன்.
சிவப்பு இடம் மாறியது, அவ்வளவுதான்.
சற்றுமுன் அந்நியமாயிருந்த மருத்துவச் சான்று இப்போது சொந்தம்;
சுங்க முத்திரை எண் யாரோ எவரோ.
மீன் அதே மீன்.

மூன்றாவதாக ஒரு கோப்பு எழுதினேன், ஐந்தே வரி.
தனக்கென்று ஒரு சொல்லும் இல்லாதது.
இருவரையும் சேர்த்துக்கொள் என்று மட்டும் சொல்லும்.
ஓடவிட்டு, காப்பி ஊற்றிக்கொண்டு வந்தேன்.

“எடை” இருமுறை வரையறுக்கப்பட்டுள்ளது.

அட, இதுதானா சங்கதி.
சுங்கத்தில் எடை என்றால் பனிக்கட்டியோடு.
மருத்துவத்தில் எடை என்றால் மீன் மட்டும்.
ஒரே மாடியில் எதிரெதிர் அறைகளில்
பத்து வருடமாய் ஒரே சொல்லைப் புழங்கி,
ஒரே காப்பி இயந்திரத்தின் முன் வணக்கம் சொல்லி,
சண்டையே வந்ததில்லை.
ஒரு கூடையில் போட்டதும் முட்டிக்கொண்டன.

பெய்னிரைத் தொலைபேசியில் எழுப்பினேன்.
“எங்களுடையதுதான் முதலில் எழுதியது” என்றார்,
தூக்கம் கலையாமலே.
சுங்கத்து மார்யூனையும் எழுப்பியிருக்கலாம்.
அவள் என்ன சொல்வாள் என்று தெரிந்ததால் விட்டுவிட்டேன்.

சன்னலுக்கு வெளியே லாரி சொட்டுகிறது.
குளிர்ப்பெட்டி எங்கோ கசிகிறதாம்.
ஓட்டுநர் ஹைனி கையுறையைக் கழற்றி
கதவடியில் விரல் வைத்துப் பார்க்கிறான்.
நாங்கள் பேசிக்கொண்டிருந்த நேரத்தில்
சுங்கத்தின் எடை குறைந்துகொண்டிருந்தது,
மருத்துவத்தின் எடை அப்படியே கிடந்தது.

என் நகலில் சுங்கத்தின் “எடை”யை
“மொத்த எடை” ஆக்கினேன்.
ஆவணத்திலும் ஓரிடத்தில் திருத்தினேன்.
எனக்கு அதிகாரம் கிடையாது. காலையில் கேட்பார்கள்,
பெய்னிர் சத்தமாக, மார்யூன் மின்னஞ்சலில்.

பச்சை.

ஸ்காட்லாந்துக் கப்பலைப் பிடிக்க லாரி கிளம்பிப் போனது.
அது நின்ற இடத்தில், விளக்கடியில், ஒரு குட்டை நீர்.
இரண்டு கிலோ இருக்கும், மூன்றாகவும் இருக்கலாம்,
எந்த அறையின் கணக்கிலும் வராதது.