முதல் சொட்டு விழும் சூடு

மணலியில் எனக்கு வேலை.
நூறு மில்லி எண்ணெயைக் குடுவையில் ஏற்றி
முதல் சொட்டு எந்தச் சூட்டில் விழுகிறதென்று
குறித்துக்கொள்வது.
பதினாறு வருஷமாகச் சொட்டுகளுக்குக் காத்திருக்கிறேன்.
என் மூக்கை நம்பலாம்,
கந்தகத்தைத் தாண்டி எதுவும் கேட்காதவரை.

இன்னாசி கப்பலிலிருந்து வந்தான்.
பெட்டியில் மூன்று சட்டை, ஒரு குடை,
பனியனில் சுற்றிய பாட்டில்.
பிராந்தி, என்றான் என் தம்பி.
தண்ணியாட்டம் இருந்தது.
பிராந்திக்கு எங்கள் பனைமரத்தொட்டியில் ஒரு நிறம் உண்டு,
நேற்றைய டிகாஷன் நிறம்.
"அது சாயம்க்கா.
இது பெரு நாட்டு சரக்கு, பிஸ்கோ.
திராட்சை மட்டும்தான். பீப்பாய்ல போடல.
பொறந்த மேனிக்கு கீது."

மொட்டைமாடி. தண்ணீர்த் தொட்டி நிழல்.
டீ கிளாசில் அரை விரற்கடை ஊற்றினான்.
உடனே குடிக்காதே, மூடி வை, திற, என்றான்.
திறந்தேன்.
முதலில் திராட்சை ஊறிய தண்ணீர்.
பின்னால் மல்லிகை. இல்லை,
மல்லிகை கட்டிய வாழைநார்.
அதற்கும் பின்னால்
மழைக்கு முந்தின தகரக்கூரை.
நாக்கில் வைத்ததும் இனிக்குமென்று இருந்தேன்.
இனிக்கவில்லை.
இனிப்பு குடியிருந்து
காலிசெய்துவிட்டுப் போன வீடு.
நெஞ்சில் இறங்கும்போது
எழுபத்தெட்டு, என்று தலை தானாகக் குறித்துக்கொண்டது.

அப்பாவின் சட்டைப்பை வாசனையைத்
தேடினேன் அதில்.
இல்லை.
அவர் குடித்தது கரும்பு ஆலைக் கழிவுப்பாகு,
மேலே சாயம்.
பிராந்தி குடித்தே செத்தான் என்று
கல்லறையில் மண் போட்டபோதும் சொன்னார்களே,
பாவம் மனுஷன்,
பிராந்தியைக் கண்ணால் பார்த்ததேயில்லை.

"சும்மா குடிச்சா தீந்துடும். கலக்கறேன்."
கல்மண்டபத்தில் பத்து ரூபாய்க்கு மூன்று எலுமிச்சை.
முட்டை ஒன்று, மஞ்சள் எனக்கு நாளைக்கு ஆம்லெட்.
சர்க்கரைப் பாகு காய்ச்சச் சோம்பல்,
நன்னாரி சர்பத் இருந்தது.
குலுக்க ஹார்லிக்ஸ் பாட்டில்.
முதலில் ஐஸ் இல்லாமல்,
அப்புறம் ஐஸோடு.
காசிமேட்டுக் கட்டி. இரண்டு தரம் கழுவினான்,
மூன்றாம் தரம் நான்.
"கப்பல் ஆடறப்போ குலுக்கவே வேணாம்க்கா,
சும்மா புடிச்சிக்கினு நின்னா போதும்."
நுரை எழும்பி வெள்ளையாய் நின்றது.
மேலே மூன்று சொட்டு கசப்பு வேண்டுமாம்.
அந்தக் கசப்பு எந்தக் கடையில் கிடைக்கும்?
போன மாசக் காய்ச்சலுக்கு வாங்கின
நிலவேம்புக் கஷாயம் மிச்சமிருந்தது.

எனக்கொன்று. அவனுக்கொன்று.
அவன் கையிலேயே வைத்திருந்தான்.
"நீ இதெல்லாம் எவ்வளவு குடிச்சிருப்ப?"
"ஒண்ணுமில்ல.
ஸ்ட்ராவுல ஒரு சொட்டு எடுப்பேன்,
நாக்குல வெப்பேன், துப்பிடுவேன்.
பதினோரு வருஷம் அப்டித்தான்.
முழுங்கினதில்ல."
ஏன் என்று கேட்க வாயெடுத்தேன்.
ஹார்பர் பக்கம் ஒரு கிரேன் திரும்பியது,
இருவரும் அதைப் பார்த்தோம்.

பிறகு அவன் குடித்தான்.
தொண்டைமணி ஒருமுறை ஏறி இறங்கியது.
நான் கடிகாரம் பார்த்தேன், தொழில் பழக்கம்.
மணி ஆறு நாற்பது.
"இன்னாடா?"
"புளிப்பு கொஞ்சம் தூக்கல்."
இன்னொரு வாய்.
மீசையில் நுரை.
"இதுக்கா அந்தக் கெழவி
தெனமும் இருபது டாலர் வெச்சிட்டுப் போனா?"
சிரித்தான். சிரித்து முடித்தும்
கிளாசைக் கீழே வைக்கவில்லை.

எனக்கு நன்னாரி முன்னால் வந்தது,
பிறகு எலுமிச்சை,
கடைசியில், வெகு கடைசியில்,
காலியான அந்த வீட்டில்
யாரோ விளக்குப் போட்டார்கள்.

வாசனை கீழே போயிருக்க வேண்டும்.
பிலோமினா அக்கா படியில் பாதி ஏறி
மிளகு டப்பாவோடு நின்று கேட்டாள்:
"யாருக்குடி ஜொரம்?"