பன்னிரண்டாம் பாகம்

பதினொண்டிலயும் அவன் சொல்லேல்லை.
குடைக்குப் பின்னால ஒளிக்கிறான்,
மூக்கால ரத்தம் வருகுது,
அவளோ பூனை கீறினதோ எண்டு கேக்கிறாள்.
‘மடையன்’ எண்டன் நான்.
‘மடைச்சி’ எண்டான் சாருஜன்.

கொக்குவிலில, அவன்ர அறையில,
கரண்ட் இல்லாத மத்தியானம்,
லப்டொப்பில மிச்சம் முப்பது வீதம்,
யப்பான் கார்ட்டூனுக்குத் தமிழ் எழுத்துப் போடுறம்.
எட்டு மாசமாய். சும்மா.
பாக்கிறது நாப்பத்திமூண்டு பேர்,
அதில ரண்டு பேர் நாங்கள்.

பன்னிரண்டில ஒருமாதிரி வாய் திறக்கிறான்.
இனித்தான் எங்களுக்குக் கரைச்சல்.
‘உன்னைக் காதலிக்கிறேன்’ எண்டு அடிச்சன்.
‘ஆர் அப்பிடிச் சொல்லுறவை?
பேச்சுப்போட்டி மாதிரிக் கிடக்கு.’
‘அப்ப நீ சொல்லு.’

கதவு திறந்தது. டிலுக்சி.
‘அண்ணா, என்ர சார்ஜர்?’
கதையிலயும் இப்பிடி ஒரு தங்கச்சி இருக்கிறாள்,
எல்லாப் பாகத்திலயும்,
பிழையான நேரத்தில.

அவள் போனாப்பிறகு
திரையைப் பாத்தபடி,
நேரம் சரிவருதோ எண்டு அவன் வாசிச்சான்:
‘எனக்கு உன்னில விருப்பம்.’

அந்த நேரம் பாத்து றெயில்.
படத்தில அவையின்ர றெயில்,
கோண்டாவில் பக்கமிருந்து எங்கட றெயில்.
ரண்டும் ஒண்டாய்க் கத்த,
மேசையில தேத்தண்ணிக் கோப்பை நடுங்க,
‘என்ன சொன்னனி?’ எண்டு அங்க அவள் கேக்கிறாள்.
நானும் கேட்டன்.
எனக்கு வடிவாய்க் கேட்டது.

‘ரண்டு செக்கன்’ எண்டான், காது சிவந்து,
‘அளவாய் வரும்.’
‘இல்லை, நீளம்’ எண்டன்.
‘இன்னொருக்கா வாசி.’